எனர்ஜி அட்வைசர் வேலை: எந்த நிறுவனத்தோடு சேர்வது?

தம்பி, எனர்ஜி அட்வைசருக்கான இரண்டு பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டீர்கள், முதலில் அதற்கு வாழ்த்துகள். "இனி அவனே தனியாக வீடு வீடாகப் போய் மதிப்பீடு செய்யலாம்தானே, எதற்கு இன்னொருவருக்குக் கீழே போகவேண்டும்" என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். முடியாது என்று சொல்லுங்கள். கனடாவில் எனர்கைட் மதிப்பீடு, அதாவது ஒரு வீடு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று பார்க்கும் மதிப்பீடு செய்ய, மத்திய அரசின் இயற்கை வளத் துறையிடம் லைசன்ஸ் எடுத்த ஒரு சேவை நிறுவனத்தோடு நீங்கள் இணைந்திருக்க வேண்டும். உங்களைத் துறையில் பதிவதும் அவர்கள்தான், வீட்டின் சக்திக் கணக்கைப் போடும் ஹொட்2000 மென்பொருளில் நீங்கள் செய்த கோப்பைச் சரிபார்த்து மேலே அனுப்புவதும் அவர்கள்தான்.

உங்கள் கையில் இரண்டு வாய்ப்பு. ஒன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கும் கட்டணத்தில் கூடுதல் பங்கு தருகிறது, பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றது குறைவாகத் தருகிறது, ஆனால் அனுபவமான ஒருவர் முதல் சில வீடுகளுக்குக் கூடவே வருவார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதுக்குப் போவேன்.

ஏன் என்றால், ஸ்காபரோவில் அறுபதுகளில் கட்டிய ஒரு பங்களோவை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மெண்டில் பாதிக்குத்தான் சுவர் அடித்திருக்கும், பின்னால் யாரோ ஒரு அறையை இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்த வீட்டின் கன அளவை நீங்கள் பிழையாக எடுத்தால், கதவில் விசிறி பூட்டி 50 பாஸ்கல் காற்றழுத்த வித்தியாசத்தில் செய்யும் காற்றுக்கசிவுச் சோதனையை எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும், மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது என்ற கணக்கு பிழைத்துவிடும். கூரைக்குக் கீழே உள்ள அட்டிக்கைத் திறக்கும்போது, வெப்பம் போகாமல் தடுக்க முன்பு கொட்டிய வெர்மிகுலைட் துகள் தெரிந்தால் அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், விசிறி அதை வீட்டுக்குள் இழுத்துவிடும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் எடுப்பீர்கள்? நேர்முகத்தில் இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொல்கிறார்களா, "ஈமெயில் போடுங்கள்" என்கிறார்களா என்று பாருங்கள்.

பணத்தையும் முழுசாகக் கணக்குப் போடுங்கள். காற்றுக்கசிவுச் சோதனைக் கருவி சில ஆயிரம் டொலர் வரும். அது யாருடையது? காப்புறுதி யார் கட்டுவது? கோப்பில் குறை என்று திருப்பி அனுப்பினால் இரண்டாம் தடவை போகும் பெற்றோல் யார் தலையில்? ஒப்பந்தக்காரராக எடுத்தால் வரியை நீங்களே ஒதுக்கி வைக்கவேண்டும், நான்கு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்கும் பதியவேண்டும். என்னிடம் வந்த ஒரு பிள்ளை பங்கு கூட என்று ஒரு இடத்தில் சேர்ந்து, திரும்பி வந்த கோப்புகளுக்காகவே கிழமையில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் ஓடினாள்.

அடுத்தது, வேலை எங்கிருந்து வருகிறது. 2021 மே மாதம் மத்திய அரசு, வீட்டின் சக்திச் செலவைக் குறைக்கும் திருத்தவேலைகளுக்கு கிரீனர் ஹோம்ஸ் மானியம் தொடங்கி 5,000 டொலர் வரை கொடுத்தபோது, அதை எடுக்க மதிப்பீடு கட்டாயம் என்பதால் அட்வைசர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. 2024 தொடக்கத்தில் புது விண்ணப்பம் எடுப்பதை நிறுத்தினார்கள், மானியத்தை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் வேறு திட்டம் வந்திருக்கிறது, சரி, அதுவும் என்றைக்கும் இருக்கும் என்று நம்பவேண்டாம். அதனால் எனர்ஜி ஸ்டார், ஆர்-2000 என்ற சக்திச் சிக்கனத் தரச் சான்றுகளுக்காகப் புது வீடு கட்டுபவர்களோடும் வேலை செய்யும் நிறுவனமா என்று விசாரியுங்கள்.

அப்புறம், அந்த நிறுவனத்துக்கோ அதன் சொந்தக்காரருக்கோ ஹீட் பம்ப் என்ற சூடாக்கும், குளிராக்கும் இயந்திரமோ ஜன்னலோ விற்கும் வியாபாரம் இருந்தால் கவனம். தமிழில் பேசும் பிள்ளை வந்திருக்கிறது என்று ஒரு அம்மம்மா நீங்கள் சொல்வதை அப்படியே நம்பி, தேவையில்லாத ஜன்னலுக்குக் கடன் எடுப்பார். அந்த வீட்டுக்கு முதலில் அட்டிக்கில் இன்சுலேஷன்தான் வேண்டும் என்றால் அதை எழுதும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கவேண்டும்.

கையெழுத்துப் போடமுதல் ஒரு நாள் அவர்களுடைய அட்வைசரோடு கூடப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விலகினால் எத்தனை மாதம் வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற பந்தியையும் தேடிப் படியுங்கள், விளங்காவிட்டால் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.