இலையைப் பறிக்காவிட்டாலும் அனுமதி வேண்டுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் மகள் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டாக முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறாள். இந்தியக் குடிமகள்தான், பாஸ்போர்ட்டை மாற்றவில்லை. நீலகிரியின் கிழக்குச் சரிவில் உள்ள சில இருளர் ஊர்களில் ஆறு மாதம் தங்கி, அவர்கள் காட்டிலிருந்து எடுத்து உண்ணும் கிழங்கு, கீரை வகைகளைப் பற்றியும், கூலி வேலைக்கு வெளியூர் போகத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் எப்படி மாறியது என்பதைப் பற்றியும் விவரம் சேகரிக்கப் போகிறாள். ஊருக்கு இரண்டு மூன்று செடிகளுக்கு மேல் பறிக்கப் போவதில்லை. கேட்டு எழுதிக்கொள்வதும் குரல் பதிவு செய்வதும்தான் வேலை. சொந்த நாட்டில் இதற்கும் அனுமதி வேண்டுமா? எல்லா அனுமதியையும் நாற்பது நாளில் வாங்கித் தருவதாக ஒருவர் 1,25,000 ரூபாய் கேட்கிறார். 20,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன்.”

அனுமதி வேண்டும். பிறந்த நாட்டில் ஆய்வு செய்ய எதற்கு அனுமதி என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்புதான் என்றாலும், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் குடியுரிமையை மட்டும் பார்ப்பதில்லை. அச்சட்டத்தின் 3ஆவது பிரிவு, தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியின்றி ஆய்வைத் தொடங்கக் கூடாதவர்கள் என்று வெளிநாட்டவரையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் சொல்வதோடு நிற்காமல், வருமான வரிச் சட்டத்தின் கணக்குப்படி இந்தியாவில் வசிக்காதவராகிவிட்ட இந்தியக் குடிமக்களையும் அதே வரிசையில் சேர்த்திருக்கிறது. பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே குத்தியிருக்கும் முத்திரைகளைப் பாருங்கள். ஒரு நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாகவே இங்கே இருந்தவர் பொதுவாக அந்தக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராகிவிடுவார். உங்கள் மகள் மூன்றாண்டுகளாக விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறார் என்றால், அவர் அந்த வரிசையில்தான் நிற்கிறார். அவர் இங்கேயே வசித்திருந்தாலும், ஆய்வு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்காகச் செய்யப்படுவதால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இதே கேள்வி எழுந்திருக்கும்.

அடுத்தது உங்கள் கடிதத்தின் மையமான கேள்வி. இலை, வேர், விதை ஆகியவற்றை எடுத்தால்தான் சட்டம் வரும் என்றும், கேட்டு எழுதுவதற்குச் சட்டம் ஏது என்றும் பலரும் நினைக்கிறார்கள். வழிகாட்டும் பேராசிரியர்களிலும் பாதிப்பேர் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். சட்டத்தின் வாசகம் உயிரியல் வளத்தை மட்டுமின்றி அதனோடு சேர்ந்த அறிவையும் குறிப்பிடுகிறது. ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடி, கவலைக் கிழங்கின் கொடி எந்த மாதத்தில் காயும், காய்ந்த கொடியை வைத்து மண்ணுக்குள் கிழங்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று எப்படிக் கணிப்பது, கசக்கும் வகையைக் கசப்புப் போக எப்படி வேக வைப்பது என்று சொல்லிக்கொண்டிருக்க, உங்கள் மகள் கைப்பேசியில் அதைப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலைகூட இடம் மாறவில்லை; ஆயினும் சட்டம் பேசும் அறிவு அந்தப் பதிவுக்குள் வந்துவிட்டது.

இது அதிகப்படியான கெடுபிடி என்று தோன்றினால், இந்த வாசகம் எந்த அனுபவத்தின் மேல் நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 1987 டிசம்பரில் அகத்தியமலைக் காட்டில் ஓர் ஆய்வுக் குழு களைத்துப் போய் நடந்துகொண்டிருந்தபோது, வழிகாட்டிகளாக உடன் வந்த காணி பழங்குடி இளைஞர்கள் சிறு பழங்களை மென்றபடி சோர்வின்றி நடந்ததைக் கவனித்து, அது என்ன என்று கேட்டார்கள். அவர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள்; பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி. அதைக் கொண்டு திருவனந்தபுரத்தில் ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாக்கப்பட்டு, உரிமத்தால் வரும் வருமானத்தில் பாதியைக் காணிகளுக்குத் தருவதென முடிவாகி, 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. சட்டம் வருவதற்கு முன்பே நியாயமாக நடந்துகொண்டதற்கு உதாரணமாக இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்போதே காணி வைத்தியர்கள் சிலர், குலத்தின் அறிவை இரண்டு மூன்று பேர் எப்படி வெளியில் சொல்லலாம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யார் சொல்லலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்ற அந்தக் கேள்விக்கு நல்லெண்ணம் இருந்த இடத்திலேயே விடை எளிதாகக் கிடைக்கவில்லை.

உங்கள் மகளின் வினாப்பட்டியலில் இரண்டு பகுதிகள் இருக்கும் என்று ஊகிக்கிறேன். கூலி, பள்ளிக்கூடம், ரேஷன், வெளியூர்ப் பயணம் ஆகியவற்றைப் பற்றிய பகுதிக்குப் பல்லுயிர்ச் சட்டத்தோடு தொடர்பில்லை. செடிகளையும் அவற்றின் பயனையும் பற்றிய பகுதிக்கு உண்டு. இதை அறிந்த தரகர்கள், விண்ணப்பத்தில் “சமூகவியல் ஆய்வு” என்று மட்டும் எழுதிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று யோசனை சொல்வார்கள். உண்மையில் யாரும் கேட்காமலும் போகலாம். ஆய்வேட்டின் நான்காம் இயலில் நாற்பது செடிகளின் பட்டியல் அச்சாகி, உலகம் முழுவதும் படிக்கக் கிடைக்கும் நாளில் கேட்பார்கள். முன்பு இந்த மீறலுக்குச் சிறைத்தண்டனை இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டு, 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது. சிறை போய்விட்டதே என்று ஆறுதல் அடைகிறவர்கள் மாணவரின் உதவித்தொகை எவ்வளவு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த நாற்பது நாள் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அனுமதி என்பது ஆணையத்துக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே எழுதிக் கையொப்பமிடும் ஓர் ஒப்பந்தமாக வருகிறது. எதை, எங்கே, எவ்வளவு, எதற்காக என்பதும், முடிவுகளை யாரிடம் கொடுக்கலாம் என்பதும் அதில் இருக்கும். விண்ணப்பத்தை இணையவழியில் நீங்களே கொடுக்கலாம். இடையில் ஒரு மனிதருக்கு எந்த வேலையும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், தனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அழகான கோப்புறை, மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே வெறும் ஒப்புகைச் சீட்டு. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒரு தாளுக்காக அவர் தன் தாயின் வளையலை அடகு வைத்திருந்தார். உங்களிடம் நாற்பதாம் நாள் ஒரு தாள் நீட்டப்பட்டால், அதில் இரு தரப்புக் கையொப்பங்களும் நிபந்தனைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தரகர்கள் உருவாவதற்கு அலுவலகங்களும் காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். விதிகளில் காலவரையறை இருக்கிறது. ஆனால் ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பதில் போகும், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கிழங்கு தோண்டும் பருவம் இதற்காகக் காத்திருப்பதில்லை. ஒரு மருந்துக் கம்பெனிக்கும், பாட்டியிடம் கீரையின் பெயர் கேட்கும் மாணவிக்கும் அதே சட்டத்தின் அதே பிரிவு. இது மாற வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அது மாறும் வரை, குறைந்தது ஆறேழு மாதம் முன்னதாக விண்ணப்பியுங்கள் என்பதைத் தவிர என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

அந்தத் தரகர் அடுத்து நீட்டக்கூடியது “கூட்டு ஆய்வு” என்ற விலக்கு. இதில் நான் சற்று நீண்டு பேசுவேன், ஏனெனில் மாணவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சட்டத்தின் 5ஆவது பிரிவு, இந்திய நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனமும் சேர்ந்து செய்யும் ஆய்வுத் திட்டங்களுக்கு 3ஆவது பிரிவிலிருந்தும், ஆய்வு முடிவுகளை வெளிநாட்டவரிடம் கொடுக்க அனுமதி கேட்கும் 4ஆவது பிரிவிலிருந்தும் விலக்களிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்தத் திட்டம் மத்திய அரசு 2006இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். அதோடு மத்திய அரசின் ஒப்புதலையும் பெற்றிருக்க வேண்டும். ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் முதல்வர் தம் கடிதத்தாளில் “உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்து செயல்பட மகிழ்ச்சி” என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பது கூட்டு ஆய்வு ஆகாது. இரண்டு துறைத் தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஆகாது. தனி மாணவி ஒருவர் தன் பட்டத்துக்காகச் செய்யும் ஆய்வை, இருக்கும் ஒரு கூட்டுத் திட்டத்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டவைப்பதும் ஆகாது. அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற ஆவணத்திலேயே இந்தப் பணியும் இந்த ஊர்களும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், இந்த விலக்கு காப்புரிமை பற்றிய 6ஆவது பிரிவுக்குப் பொருந்தாது. ஆய்விலிருந்து காப்புரிமை கேட்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் மறுபடி ஆணையத்திடம்தான் போக வேண்டும். ஆகவே “கூட்டு ஆய்வுக் கடிதம்” என்று யாராவது விலை சொன்னால், மத்திய அரசு ஒப்புதல் ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

வனத்துறை அனுமதி இதிலிருந்து தனியானது. ஒன்று கிடைத்தால் மற்றொன்று தானாக வராது. புலிகள் காப்பகம், சரணாலயம் ஆகியவற்றுக்குள் ஆய்வுக்காக நுழைய 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஊர் காப்புக்காட்டுக்குள் இருந்தாலும் வனக்கோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. வனக் காவலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன் என்பது அவர் பணிமாறுதலாகிப் போகும் நாள் வரைக்கும்தான் செல்லும்.

ஊரின் ஒப்புதலும் வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் வளத்தோடு தொடர்புடைய மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதையும் தயாராக வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்: ஏற்கெனவே கைநாட்டு வாங்கிய வெற்றுத் தாளில் கிராம சபைத் தீர்மானத்தைப் பிறகு தட்டச்சு செய்துகொள்வார்கள். உங்கள் மகள் தானே போய், ஊர் மூத்தவர்களிடமும் குறிப்பாகக் கிழங்கு தோண்டும் பெண்களிடமும் உட்கார்ந்து, எதைப் பதிவு செய்யப் போகிறார், அது எந்த நாட்டுக்குப் போகும், எதை வெளியிட வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பதையெல்லாம் அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்ல வேண்டும். “இதை எழுதாதே அம்மா” என்று யாராவது சொன்னால் பேனாவை மூடிவிட வேண்டும்.

பறிக்கும் அந்த இரண்டு மூன்று செடிகளை ஜெர்மனிக்கு எடுத்துப் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்கு வேறு சான்றிதழ்களும் வேறு வரிசைகளும் உள்ளன. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, சேகரித்த எண், நாள், இடம், ஊரார் சொன்ன பெயர் ஆகியவற்றை எழுதி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் உலர்தாவரத் தொகுப்பில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்வதே உத்தமம். ஆய்வேட்டில் அந்த எண்களைக் குறிப்பிட்டால் போதும். வழிகாட்டும் பேராசிரியர் இடையில் இரண்டு வாரம் வந்து பார்ப்பதாக இருந்தால், சுற்றுலா விசாவில் வந்து காட்டுக்குள் குறிப்பெடுக்க வேண்டாம் என்று இப்போதே எழுதச் சொல்லுங்கள். அவருக்கு ஆராய்ச்சி விசா வேண்டும்.

கடைசியாக முன்பணத்தைப் பற்றி. 20,000 ரூபாயை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தத் தரகர் ஏற்கெனவே உங்கள் மகளின் பெயரில் விண்ணப்பக் கணக்கைத் தொடங்கியிருந்தால், அதில் யாருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். அவருடையதாக இருந்தால், ஆணையம் கேட்கும் விளக்கங்கள் எல்லாம் அவருக்கே போகும். நீங்கள் பதில் தரவில்லை என்று கோப்பு மூடப்பட்டது உங்களுக்குத் தெரியவே வராது. கணக்கின் எண்ணையும் கடவுச்சொல்லையும் வாங்கி, அதில் பதிவான கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மகளுடையதாக மாற்றுங்கள். அவர் தர மறுத்தால், அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக மகளின் கையொப்பத்தோடு சென்னை தரமணியில் உள்ள ஆணைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, புதிய விண்ணப்பத்தை நீங்களே கொடுங்கள்.