இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது? – பைக் கேள்வி பதில்

என்னுடையது 2009 ஹார்லி ரோட் கிங், ட்வின் கேம் 96 எஞ்சின். எஞ்சினுக்குள் எதையும் மாற்றவில்லை. மனைவியோடும் முழுப் பெட்டியோடும் நெடுந்தூரம் போவதுதான் வழக்கம். 0.585 அங்குல லிஃப்ட் கேம் போட்டால் பவர் அள்ளும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? – வாசகர், டல்லாஸ்

வேண்டாம். கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு; லிஃப்ட் என்பது அது வால்வைத் திறக்கும் உயரம். உங்கள் வண்டி ஆறாவது கியரில் மணிக்கு 70 மைல் போகும்போது எஞ்சின் 2,600 ஆர்.பி.எம்-ஐ ஒட்டித்தான் சுற்றுகிறது. அந்தக் கேம் வேலையைக் காட்டுவதோ 4,000-க்கு மேல். நீங்கள் அங்கே போகப்போவதே அபூர்வம்.

கேமின் அளவுகளைச் சொல்லும் கேம் அட்டையில் முதலில் பார்க்கவேண்டியது லிஃப்ட் அல்ல, இன்லெட் வால்வு மூடும் கோணம். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அது மூடும்வரை கம்ப்ரஷனே கிடையாது. வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாயும் காற்று தன் வேகத்திலேயே வந்து நிரம்பிவிடும். மெதுவாகச் சுற்றும்போது உள்ளே வந்ததில் ஒரு பகுதியைப் பிஸ்டன் திருப்பி வெளியே தள்ளிவிடும். தாமதமாக மூடும் கேம் வீட்டு வாசலில் நின்று முழங்க நன்றாயிருக்கும். சுமையோடு மேட்டில் ஏறினால் கியரை இறக்கச் சொல்லும்.

உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் 9.2-க்கு 1. இதற்கு அடிமட்டத்தைத் தாண்டி 30 முதல் 36 டிகிரிக்குள் மூடும் கேம் பொருத்தம். 45-ஐத் தாண்டினால் பிஸ்டனையோ ஹெட்டையோ மாற்றிக் கம்ப்ரஷனை ஏற்றாமல் பயனில்லை. 25-க்குக் கீழே போனாலும் தொல்லை உண்டு: கீழ்வேக இழுவை பிரமாதமாக இருக்கும், ஆனால் டெக்சாஸ் வெயிலில் பின் சிலிண்டர் நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது) அடிக்கும், ஸ்டார்ட்டர் திணறும். ஹார்லி கேம்களின் கோணங்களை வழக்கமாக லிஃப்டர் (கேம் மேல் உருண்டு, புஷ்ராட் என்னும் கம்பி வழியே வால்வைத் தள்ளும் பாகம்) 0.053 அங்குலம் எழும் நிலையில் அளந்து தருவார்கள். இரண்டு கேம்களை ஒப்பிடும்போது இரண்டும் அதே அளவில் எடுத்ததுதானா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒப்பீடே வீண்.

லிஃப்ட் விஷயம்: உங்கள் ஹெட்டில் உள்ள பீஹைவ் ஸ்பிரிங் (தேன்கூட்டு வடிவ வால்வு ஸ்பிரிங்) பொதுவாக 0.550 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் மாற்றவேண்டும், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரீட்டெய்னருக்கும் வால்வு சீலுக்கும் உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். 0.510-லிருந்து 0.550-க்குள் நல்ல டூரிங் கேம்கள் நிறையக் கிடைக்கின்றன.

கேமோடு சேர்த்து உள் கேம் பேரிங் இரண்டு, கேம் கவர் கேஸ்கெட், புஷ்ராட் குழாய் ஓ-ரிங்குகள், ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகள் ஆகியவற்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். வண்டி நிறைய ஓடியிருந்தால் லிஃப்டரையும் சேருங்கள். வேலை முடிந்ததும் சூடான எஞ்சினில், த்ராட்டில் முழுதும் திறந்தபடி கிராங்கிங் கம்ப்ரஷன் (ஸ்டார்ட்டர் சுற்றும்போது சிலிண்டரில் எழும் அழுத்தம்) பாருங்கள். 170 முதல் 190 பி.எஸ்.ஐ வந்தால் நிம்மதி.

கேம் மாற்றினால் ஈ.சி.எம் டியூனிங் கட்டாயமா? – அதே வாசகர்

கட்டாயம். உங்கள் வண்டியில் உள்ள டெல்ஃபி ஈ.சி.எம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஆர்.பி.எம்-ஐயும் வைத்து அட்டவணையிலிருந்து கணக்கிடுகிறது. கேம் மாறினால் அதே அழுத்தத்தில் உள்ளே போகும் காற்றின் அளவு மாறிவிடும், பழைய அட்டவணை பொய்யாகிவிடும். டியூனிங் செலவையும் கேமின் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

2004 ஹார்லி எலக்ட்ரா கிளைடு, ட்வின் கேம் 88 எஞ்சின். டென்ஷனர் தேயும் தொல்லைக்குப் பயந்து கியர் டிரைவ் கேம் போடச் சொல்கிறார் நண்பர். – வாசகர், டொராண்டோ

தொல்லை உண்மைதான். டென்ஷனர் என்பது கேமைச் சுற்றும் செயினை இறுக்கி வைப்பது; ஸ்பிரிங் தள்ளும் அதன் பிளாஸ்டிக் ஷூ செயினில் உரசித் தேயும், துகள்கள் ஆயில் பம்புக்குள் போகும். கவரைக் கழற்றியதும் கண்ணில் படுவது வெளி ஷூ மட்டும். அது நன்றாக இருப்பதால் உள் ஷூவும் நன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அதைப் பார்க்கக் கேம் பிளேட்டையே கழற்றவேண்டும்.

செயினுக்குப் பதில் கியரால் கேமைச் சுற்றும் கியர் டிரைவ் வாங்கும் முன், பினியன் ஷாஃப்டின் (கேமுக்குச் சுழற்சி தரும் கிராங்க் தண்டின்) முனையில் டயல் கேஜ் வைத்து ரன்-அவுட் (சுற்றும்போது முனை ஆடும் அளவு) பாருங்கள். 0.003 அங்குலத்துக்குள் இருந்தால் போடலாம். ட்வின் கேமின் கிராங்க் துண்டுகளாக அழுத்திச் சேர்த்தது, நகர வாய்ப்புண்டு. ரன்-அவுட் கூடினால் கியர்கள் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து முனகும், பிறகு பற்களும் பேரிங்கும் போகும்.

அளவு தாண்டியிருந்தால் ஹைட்ராலிக் டென்ஷனர் கிட் போடுங்கள். இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் கேஸின் உள் பேரிங் 7/8 அங்குல ஜர்னலுக்கானது (ஜர்னல் என்பது பேரிங்கில் உட்கார்ந்து சுற்றும் கேமின் பகுதி). இந்தக் கிட் 2007 முதல் வந்த கேம்களின் பாணி; அவற்றின் ஜர்னலோ 1 அங்குலம். ஆகவே 7/8 ஜர்னலோடு ‘கன்வர்ஷன்’ என்று சொல்லி விற்கும் கேமைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

கேம் மாற்றிய பிறகு ஏர் ஃபில்டரிலிருந்து ஆயில் சொட்டுகிறது, ஹைவேயில் வண்டி மந்தமாக இருக்கிறது. – வாசகர், கோலாலம்பூர்

ஆயில் பம்புக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவே ஒரு சின்ன ஓ-ரிங் உண்டு. அது கிழிந்தாலோ விடுபட்டாலோ பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். கிராங்க்கேஸில் ஆயில் தேங்கி, ஃப்ளைவீல் அதில் துழாவிச் சுற்றும். மிச்சம் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி) வழியே ஃபில்டருக்கு வரும். நீங்கள் சொல்வதற்கு முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். பிரித்துப் புது ஓ-ரிங்கை ஆயில் தடவிப் போடச் சொல்லுங்கள்.

ஓ-ரிங் சரியாக இருந்தால் பம்ப் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். பம்ப் திருகுகளை லேசாக மட்டும் பிடித்து, எஞ்சினைக் கையால் சுற்றி பம்ப் தானாக இடம் பிடித்த பிறகே மேனுவலில் உள்ள வரிசையிலும் டார்க்கிலும் இறுக்கவேண்டும்.

அட்ஜஸ்டபிள் புஷ்ராடை 4 சுற்று நீட்டச் சொல்கிறது ஒரு குறிப்பு, இரண்டரைச் சுற்று என்கிறது இன்னொன்று. எது சரி? – வாசகர், சிங்கப்பூர்

மரையைப் பொறுத்தது. அங்குலத்துக்கு 32 மரை என்றால் 4 சுற்று, அதாவது 0.125 அங்குலம். 24 மரை என்றால் இரண்டரைச் சுற்றில் 0.104 வந்துவிடும். 24 மரை ராடில் 4 சுற்று கொடுத்தால் லிஃப்டர் அடிமட்டத்தை நெருங்கிவிடும், வால்வு முழுதாக மூடாமல் போகலாம். புஷ்ராட் பெட்டியில் வந்த தாளைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

அந்தச் சிலிண்டர் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கவேண்டும். ராடை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இல்லை, விரலால் உருட்டினால் சுற்றுகிறது என்ற நிலைதான் பூஜ்யம். சுற்றுகளை அங்கிருந்து எண்ணுங்கள். அட்ஜஸ்ட் செய்தவுடன் ராட் இறுகி நிற்கும். லிஃப்டரிலிருந்து ஆயில் கசிந்து ராட் மறுபடி விரலுக்குச் சுற்றும்வரை, பத்துப் பதினைந்து நிமிடமோ அதற்கு மேலோ, காத்திருங்கள். அதற்குள் எஞ்சினைச் சுற்றினால் திறந்து நிற்கும் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். பிறகுதான் அடுத்த சிலிண்டர்.