இடதுகைப் பிள்ளைக்கு எந்தக் கால் முன்னே?

கேள்வி: என் மகன் இடதுகைக்காரன், கராத்தே பழகுகிறான். மற்றப் பிள்ளைகள் போலவே இடக்காலை முன்வைத்து நிற்கச் சொல்கிறார் மாஸ்டர். குத்து பலவீனமாகிவிடாதா?
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: பயப்படாதேங்கோ அம்மா. பின்காலை உந்தி இடுப்பைத் திருப்பிக் குத்துவதால் பின்கைக்குத்தான் பலம் கூட, ஆகவே சண்டையில் அவன் வலக்காலை முன்வைப்பதே நல்லது. எதிராளிகள் பெரும்பாலும் வலதுகைக்காரரோடேயே பழகியிருப்பார்கள், இடக்கை வரும் கோணம் அவர்களுக்குப் புதிது. அதோடு ஈரல் இருப்பது வலப்பக்கம், பின்னாலிருந்து எறியும் இடக்கால் உதை நேரே அங்கேதான் போய் விழும். ஆனாலும் மாஸ்டர் சொல்வதும் வீணல்ல. குத்துச்சண்டை வீரர் ஒஸ்கார் டி லா ஹோயா இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர் போல நின்றே சண்டை போட்டார், முன்னுக்கு நின்ற இடக்கைதான் அவருடைய பெரிய ஆயுதம். கட்டாவை, அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசையை, எல்லோரையும் போலச் செய்யட்டும், எதிராளியோடு மோதும் குமித்தேயில் மாறி நிற்க விடச்சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கோ.