துட்டி கேட்க ஆள் வராத வீடு

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு ஒரே தம்பி, வயது 24. நாலு மாதத்துக்கு முன்னால் தற்கொலை செய்துகொண்டான். அன்று இரவு பத்தரை மணிக்கு எனக்கு போன் செய்திருக்கிறான். பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த உடலை வீட்டில் இறக்காமல் நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "இந்தச் சாவுக்குப் பதினாறெல்லாம் எதுக்கு, மூணாம் நாளே முடிச்சிருங்க" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அப்பா வெளியில் ஹார்ட் அட்டாக் என்கிறார், என் ஆறு வயது மகனுக்கும் அதையே சொல்லியிருக்கிறோம். ஊரில் கடன் என்கிறார்கள், காதல் என்கிறார்கள். அம்மா இதுவரை அழவில்லை. "நானும் அவன்கூடப் போயிருக்கணும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்கிறார். தம்பியின் கூட்டாளி ஒருவன் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறானாம். நான் போனை எடுத்திருந்தால் தம்பி இருந்திருப்பானா? இனி நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்தில் ஓர் இடத்தில்கூடத் தம்பியின் பெயர் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த போன்.

எடுத்திருந்தால் இருந்திருப்பானா என்று கேட்கிறீர்கள். "உன்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நீங்கள் அதை நம்பியிருக்க மாட்டீர்கள். என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். அன்று இரவு நீங்கள் ஒதுக்கியது தம்பி இரவில் செய்யும் ஒரு சாதாரண போனை. அது கடைசி போன் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மறுநாள் தெரிந்ததை முந்தின ராத்திரிக்குக் கொண்டுபோய் வைத்து, அன்றிருந்த அக்காவை இன்றிருக்கும் அக்கா விசாரணை செய்துகொண்டிருக்கிறாள். அந்த விசாரணைக்குத் தீர்ப்பே கிடையாது. அதனால்தான் நாலு மாதமாக ஓடுகிறது.

ஊர் சொல்லும் காரணங்களும் இப்படித்தான். ஒரு கடன், ஒரு காதல் என்று ஒற்றை வரியில் ஒரு சாவை அடக்கிவிட்டால் பேசுகிறவர்களுக்கு நிம்மதி. நம் வீட்டில் அந்த ஒரு வரி இல்லை, அதனால் நமக்கு வராது என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? உண்மையில் மனச்சோர்வு, பணக் கஷ்டம், குடி, தூக்கமின்மை, யாரிடமும் சொல்ல முடியாத அவமானம் என்று பலதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் ஒரு மனிதனை அங்கே கொண்டு நிறுத்துகின்றன. எடுக்காத ஒரு போன் அதை உண்டாக்காது. 24 வருஷம் அவனைத் தூக்கி வளர்த்த அக்காவின் அன்பை அந்த ஒரு போனை வைத்து அளக்காதீர்கள்.

அம்மா அழவில்லை என்பதுதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது.

நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும்? சேதி கேட்டதும் பெண்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிக்கொண்டு வருவார்கள். பறிகொடுத்தவளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். அவளுக்கு வார்த்தை வராவிட்டால் பக்கத்திலிருப்பவள் அவளுக்காகச் சொல்லி அழுவாள். அப்புறம் பதினாறு நாளும் யாராவது சோறாக்கிக் கொண்டுவருவார்கள், துட்டி, அதாவது துக்கம், கேட்க வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே கதையை நூறு பேரிடம் சொல்லிச் சொல்லித்தான் அந்தத் தாய்க்கே அது நடந்துவிட்டது என்று உறைக்கும். துக்கத்தைத் தனியாள் தாங்க முடியாது என்று தெரிந்தவர்கள் வைத்த முறை இது.

உங்கள் அம்மாவுக்கு இதில் எதுவுமே கிடைக்கவில்லை. மகன் முகத்தை வாசலில் வைத்துப் பார்க்கவில்லை, கட்டிக்கொள்ள ஆள் வரவில்லை, பதினாறும் இல்லை. போஸ்ட்மார்ட்டம் சட்டப்படி நடக்க வேண்டியது, அதில் யார்மேலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலில் அரைமணி நேரம் இறக்கியிருக்கலாம். எந்தச் சாவில் ஊர் கூட நிற்பது அதிகம் தேவையோ அந்தச் சாவுக்கு மட்டும் ஊர் விலகிக்கொள்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெரியப்பா மேல் அல்ல, அவரும் பயந்துதான் சொல்லியிருப்பார்.

விட்டுப்போனதை இப்போது செய்யலாம், நாலு மாதம் ஒன்றும் தாமதம் இல்லை. உங்கள் அத்தையோ சித்தியோ, அம்மாவோடு சேர்ந்து நாற்று நட்டவர்களோ, இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். தம்பி இறந்த திதியன்று படத்தை எடுத்து வைத்து, பூப் போட்டு, அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து வையுங்கள். ஐயர், மந்திரம், பந்தல் எதுவும் அவசியமில்லை. "அவனைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன்" என்று வந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா அன்றைக்கும் அழாமல் இருக்கலாம். இருக்கட்டும், அடுத்த மாதமும் கூப்பிடுங்கள்.

என் சித்தி மகள் இப்படித்தான் போனாள், அப்போது எனக்குப் பதினாலு வயது. சித்தி வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டில் பூக்கட்டும் அக்கா ஒருத்தி மட்டும் தினமும் மதியம் மல்லிகை மொட்டுக் கூடையோடு வந்து சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டார். நாரையும் ஒரு குத்து மொட்டையும் சித்தி பக்கம் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் சித்தி அதைத் தொடவே இல்லை. ஒருநாள் கை தானாக எடுத்துக் கட்ட ஆரம்பித்தது. பாதிச் சரத்தில், "அவளுக்கு நெருக்கமாக் கட்டினாத்தான் பிடிக்கும்" என்றார் சித்தி. அன்று சாயந்திரம் வரை இருவரும் அழுதார்கள். அந்த அக்கா பள்ளிக்கூடமே போகாதவர். இந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

அப்பா ஹார்ட் அட்டாக் என்பதை வெளியில் வைத்து உடைக்காதீர்கள். அவருக்கு இப்போது அது ஒரு துண்டு மாதிரி, முகத்தை மூடிக்கொள்ள. யார் கேட்டாலும் காரணம் சொல்லும் கடன் உங்களுக்கும் இல்லை. "தம்பி தவறிட்டான். இப்ப அதுக்கு மேல பேச முடியல" என்றால் போதும், அதில் பொய்யும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் உண்மை வேண்டும், உங்கள் மகனுக்கும்தான். பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்டால், இறந்ததைவிட நீங்கள் மறைத்ததுதான் அவனை அதிகம் குழப்பும். "மாமாவுக்கு மனசுல பெரிய வலி இருந்துச்சு. அந்த வலியில தன் உயிரைத் தானே போக்கிக்கிட்டாரு. நீ எதுவும் பண்ணுனதால இல்ல. உனக்கு வலிச்சா எங்ககிட்ட சொல்லு." ஆறு வயதுக்கு இது போதும். எப்படி என்ற விவரம் வேண்டாம்.

இனி அவசரமான விஷயம். "நானும் அவன்கூடப் போயிருக்கணும்" என்பது துக்கத்தில் எல்லாத் தாயும் சொல்வதாக இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். இப்படி ஓர் உயிரைப் பறிகொடுத்த குடும்பத்திலும் நட்பிலும் இருப்பவர்களுக்கு அதே எண்ணம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் நேராகக் கேளுங்கள்: "அம்மா, செத்துப்போயிரலாம்னு உனக்குத் தோணுதா?" கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பயப்படாதீர்கள். அப்படி ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் பாரம்தான் குறையும். "ஆமா" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்தே அகற்றிவிட்டு அன்றே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

தம்பியின் கூட்டாளியை, அம்மாவைக் கவனிப்பதற்கும் முந்தியே போய்ப் பாருங்கள் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் அவன் துக்கத்தை ஊர் கணக்கிலேயே எடுத்திருக்காது. அவன் ரத்த உறவு இல்லை, மொட்டை போட்டவன் இல்லை, அவனிடம் யாரும் துட்டி கேட்டிருக்க மாட்டார்கள். "நீதான கூடவே சுத்துன, உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டிருப்பார்கள். சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள். "உன்மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லடா" என்பதை உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும். அம்மாவிடம் கேட்கச் சொன்ன அதே கேள்வியை அவனிடமும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அவன் வீட்டார் தயங்கலாம். 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் அப்படியே இல்லை. வெறும் எண்ணம் வந்ததற்கு என்றைக்குமே கேஸ் கிடையாது.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது, இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. அங்கே போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், நம் பூக்கட்டும் அக்காவைப் போலக் கேட்க உட்கார்ந்தவர்கள். நீங்களும் கூப்பிடலாம், சாக நினைக்கிறவர்கள் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை.

மதுரையிலேயே ஒருவர் இருக்கிறார். நந்தினி முரளி 2017-ல் தன் கணவரை இப்படி இழந்தவர். காரணத்தை மறைத்து வாழ மாட்டேன் என்று முடிவு செய்து வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையோடு சேர்ந்து, இதே இழப்பில் இருப்பவர்களுக்காகவும் தற்கொலைத் தடுப்புக்காகவும் 'ஸ்பீக்' என்ற முயற்சியைத் தொடங்கினார். அந்த அறக்கட்டளை மதுரையில் 1992-லிருந்து மனநலத்துக்காக வேலை செய்கிறது. ஒருநாள் பஸ் ஏறிப் போய் விசாரித்துப் பாருங்கள். இதே துக்கத்தில் இருக்கும் இன்னொருவரைப் பார்ப்பதே ஒரு பலம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையில் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அத்தனையும் துட்டி வீடுகள். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் போங்கள், மாதங்கள் கழிந்திருந்தாலும் போங்கள். "எப்படி, என்னத்துல?" என்று கேட்காதீர்கள். "பெத்தவள நெனைச்சுப் பார்த்தானா" என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லையா, ஒரு தூக்குவாளியில் ரசம் கொண்டுபோய் வைத்துவிட்டு உட்காருங்கள். இறந்த பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல கதை இருந்தால் சொல்லுங்கள்.

சரி, தங்கை. கடிதம் முழுக்க "அவன்", "தம்பி" என்றே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நாலு மாதமாக யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா முன்னால் ஒருதரம் சொல்லிப் பாருங்கள். எனக்கு எழுதும் அடுத்த கடிதத்திலும் எழுதுங்கள். அச்சில் போட மாட்டோம். அவன் பெயர் எனக்குத் தெரிய வேண்டும்.