'மரம்' கிடைக்கிறது, 'கல்' கிடைக்கவில்லை: ஹாஷ் எங்கே பிசகியது?

கேள்வி: சி++ மொழியில் ஒரு சிறிய கீ-வேல்யூ சேமிப்பு லைப்ரரி எழுதி வருகிறேன். ப்ளூம் ஃபில்டர், கேஷ், பிளாக் செக்சம் மூன்றுக்கும், பைட்டுகளை ஓர் எண்ணாகச் சுருக்கும் ஒரே ஹாஷ் ஃபங்ஷன்தான். மர்மர்ஹாஷ் பாணியில் நானே எழுதியது. இன்டெல் கணினியில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். அங்கே உருவான கோப்புகளை ஆர்ம் லினக்ஸ் சர்வரில் திறந்தால் சில தமிழ்க் கீகள் மட்டும் 'இல்லை' என்று வருகின்றன. 'மரம்' கிடைக்கிறது, 'கல்' கிடைக்கவில்லை. ஆங்கிலக் கீகளில் சிக்கல் இல்லை. ஃபில்டரை அணைத்தால் எல்லாமே கிடைக்கின்றன. ஹாஷையே மாற்றிவிடலாமா? எந்த வேலைக்கு எந்த ஹாஷ்?

பதில்: ஃபில்டரை அணைத்துப் பார்த்தீர்களே, அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலில் நிற்கும் ஃபில்டர்தான் ஆளை உள்ளே விடவில்லை. ஒரு கீ இருக்கிறதா என்று தரவைத் தேடும் முன்பே சொல்வதுதான் ப்ளூம் ஃபில்டரின் வேலை. அது 'இருக்கலாம்' என்று தவறாகச் சொல்லலாம், 'இல்லை' என்று தவறாகச் சொல்லவே கூடாது. ஆனால் எழுதும்போது வந்த அதே ஹாஷ் படிக்கும்போதும் வந்தால்தான் அந்த உத்தரவாதம் செல்லும். உங்களுக்கு இரண்டு கணினியில் இரண்டு விடை வருகிறது.

உங்கள் கோடைப் பார்க்காமலே ஓர் இடத்தைக் கைகாட்டுகிறேன். மர்மர் பாணி ஹாஷ் நான்கு நான்கு பைட்டாக விழுங்கும். கடைசியில் மிஞ்சும் ஒன்று முதல் மூன்று பைட்டுகளைத் தனித்தனியாக நகர்த்திக் கூட்டும். அந்த மிச்சத்தை வெறும் 'சார்' வகையாகப் படித்திருப்பீர்கள். இன்டெல்லில் அந்த வகைக்குக் குறை எண் உண்டு, அதாவது அது குறியுள்ள வகை. ஆர்ம் லினக்ஸில் கிடையாது. சி++ தரநிலை இதைக் கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

'அ' என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என மூன்று பைட். நடுவில் உள்ள 174-ஐ ஆர்ம் 174 என்றே படிக்கும். இன்டெல் −82 என்று படிக்கும். எட்டு பிட் இடப்பக்கம் நகர்த்தினால் ஒரு பக்கம் 44,544, மறுபக்கம் −20,992. அதன்பிறகு பெருக்கலும் கலக்கலும் நடக்கும்போது இரண்டு விடைக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ஆங்கில எழுத்துகள் எல்லாமே 128-க்குக் கீழே, அதனால் அவை தப்பின. தமிழிலும் எல்லாச் சொல்லும் மாட்டாது. 'மரம்' புள்ளியையும் சேர்த்து நான்கு குறியீடு, 12 பைட். நான்கால் மீதியின்றி வகுபடும், மிச்சமே இல்லை. 'கல்' 9 பைட். ஒரு பைட் மிஞ்சும், அது 141. அந்த ஒற்றை பைட்தான் உங்கள் கல்லைத் தொலைத்தது.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உங்களுடையதைப் போன்ற கீ-வேல்யூ லைப்ரரியான லெவல்டிபியிலிருந்து 2012-இல் பிரிந்து வளர்ந்தது ராக்ஸ்டிபி. மிச்ச பைட்டுகளைக் கூட்டும் இந்த வால் பகுதி இரண்டிலும் உண்டு, இரண்டும் அதை வேறு வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. லெவல்டிபி மிச்ச பைட்டைக் குறியில்லாத எட்டு பிட்டாக மாற்றிவிட்டுக் கூட்டுகிறது. ராக்ஸ்டிபியோ இதைக் கோப்பு வடிவத்தின் பகுதி, மாற்ற முடியாது என்று கோடிலேயே குறிப்பெழுதி, முதலில் குறியுள்ள எட்டு பிட்டாக மாற்றி, பழைய இன்டெல் விடையே எல்லாக் கணினியிலும் வரும்படி கட்டிப்போட்டிருக்கிறது. அழகில்லைதான், ஆனால் நியாயம் அதன் பக்கம்.

உங்கள் லைப்ரரியை வெளியார் யாரும் இன்னும் பயன்படுத்தவில்லை என்றால் லெவல்டிபி வழியில் போங்கள். இன்டெல்லில் உருவான கோப்புகள் ஏற்கெனவே பல கைகளில் இருந்தால் ராக்ஸ்டிபி வழி. இரண்டு வகைக் கணினியிலும் கோப்புகள் உருவாகிவிட்டன என்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான்: ஃபில்டரின் பெயரை மாற்றுங்கள். லெவல்டிபி ஒவ்வொரு கோப்பிலும் எந்த ஃபில்டர் என்ற பெயரையும் சேர்த்தே எழுதுகிறது. பெயர் பொருந்தாவிட்டால் அந்த ஃபில்டரைக் கண்டுகொள்ளாமல் நேரே தரவைத் தேடும். அதனுடன் வரும் ப்ளூம் ஃபில்டரின் பெயர் 2 என்ற எண்ணில் முடிவதைக் கவனித்திருக்கலாம். உங்கள் கோப்பிலும் அப்படியொரு பெயர் இருந்தால் பழையவை கொஞ்சம் மெதுவாக, ஆனால் சரியாக ஓடும். பழைய கோப்புகளைச் சேர்த்துப் புதிதாக எழுதும் அடுத்த கம்பேக்‌ஷனில் புது ஃபில்டர் தானாக எழுதப்படும்.

இனி எதற்கு எது என்பதற்கு வருவோம். உங்கள் உண்மையான பிழை அந்த ஒரு வரி அல்ல, ஒரே ஃபங்ஷனை மூன்று வேலைக்கும் கட்டியதுதான். டிஸ்க்கில் பதியும் ஹாஷ் கோப்பு வடிவத்தின் ஓர் அங்கம். அதை உறையவைக்க வேண்டும். மெமரியிலேயே பிறந்து மெமரியிலேயே முடியும் ஹாஷ் உங்கள் சொந்த விஷயம், நாளைக்கே மாற்றலாம். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஹாஷை டிஸ்க் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரே ஓட்டத்துக்குள் ஒரே விடை வரும் என்பதைத் தாண்டித் தரநிலை எந்த உறுதியும் தரவில்லை.

ஃபில்டருக்குப் புதிதாகத் தேர்ந்தெடுப்பதானால் 64 பிட் ஹாஷ் எடுங்கள். 32 பிட்டில் மொத்தமே சுமார் 429 கோடி மதிப்புகள். ஒரே ஃபில்டரில் 4.3 கோடி கீகள் இருந்தால், கீக்கு எத்தனை பிட் அள்ளிக் கொடுத்தாலும் தவறான 'இருக்கலாம்' ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்காது. எக்ஸ்எக்ஸ்ஹெச்3 நல்ல தேர்வு; 2020-இல் வந்த 0.8.0 பதிப்பிலிருந்து அதன் விடைகள் மாறாது என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய முன்னோட்டப் பதிப்பை எடுத்துக்கொண்ட ராக்ஸ்டிபி, அதன் நகலைத் தனிப் பெயரில் இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறது.

செக்சம், அதாவது பிளாக் சிதைந்திருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண், வேறு சாதி. அங்கே ஹாஷை விட்டுவிட்டு சிஆர்சி32சி போடுங்கள். தொடர்ச்சியாக 32 பிட்டுக்குள் நேரும் எந்தச் சிதைவையும் அது பிடித்தே தீரும்; மர்மருக்கு அப்படி ஓர் உறுதி கிடையாது. இன்டெல்லில் எஸ்எஸ்இ 4.2 கட்டளைத் தொகுப்பு முதல் இதற்கென்றே ஒரு கட்டளை இருப்பதால் வேகத்துக்கும் குறைவில்லை. 1 முதல் 9 வரையான இலக்கங்களை எழுத்தாக வரிசையாகக் கொடுத்தால் 3808858755 வர வேண்டும். 3421780262 வந்தால், நீங்கள் எழுதியிருப்பது ஸிப் கோப்புகளில் வரும் பழைய சிஆர்சி32.

கேஷில் பலர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஹாஷின் கடைசி நான்கு பிட்டை வைத்து கேஷை 16 ஷார்டுகளாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷார்டுக்குள்ளும் 1,024 பக்கெட் (கீகளைப் போடும் அறைகள்) உள்ள அட்டவணை. பக்கெட்டைத் தேர்வதும் அதே கடைசிப் பிட்டுகள். ஒரு ஷார்டுக்குள் வந்த கீகள் எல்லாவற்றுக்கும் கடைசி நான்கு பிட் ஒன்றேதான். ஆகவே 64 பக்கெட்டுகள் மட்டும் நிரம்பி வழியும், மீதி 960 காலியாகக் கிடக்கும். விடை தப்பாது, வேகம்தான் படுக்கும். அதனால் டெஸ்ட் எதிலும் சிக்காது. லெவல்டிபியின் கேஷ் ஷார்டுக்கு மேல் நான்கு பிட்டையும் பக்கெட்டுக்குக் கீழ்ப் பிட்டுகளையும் எடுக்கிறது. அதையே பின்பற்றுங்கள்.

முகம் தெரியாதவர்கள் அனுப்பும் கீகள் மெமரி அட்டவணைக்குள் நுழையும் என்றால், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் ரகசிய எண்ணோடு சிப்ஹாஷ் போடுங்கள். 31-ஆல் பெருக்கிக் கூட்டும் எளிய ஹாஷில் 65, 97 என்ற இரண்டு பைட்டும் 2112 தரும், 66, 66-ம் 2112 தரும். இந்த இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி பத்து முறை கோத்தால் ஒரே ஹாஷ் கொண்ட 1,024 கீகள் தயார்; எல்லாம் ஒரே பக்கெட்டில் குவிந்து வேகம் படுத்துவிடும். ஆனால் அந்த ரகசிய எண் மாறும் ஹாஷ் டிஸ்க்குக்குப் போகவே கூடாது.

டெஸ்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுதிய ஃபங்ஷனையே மறுபடி கூப்பிட்டு ஒப்பிட்டால் அது எப்போதும் பாஸ்தான். எதிர்பார்க்கும் விடையை எண்ணாகவே எழுதி வையுங்கள்: நீளம் 0 முதல் 16 வரை ஒவ்வொன்றுக்கும், 128-க்கு மேற்பட்ட பைட்டுகளோடு. ஆர்ம் கணினி கையில் இல்லாவிட்டாலும் சாரைக் குறியில்லாததாக எடுக்கச் சொல்லும் ஃபிளாக் ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் உண்டு; ஒரு முறை அப்படியும் ஓட்டுங்கள். மேக்கில் ஓட்டிவிட்டு ஆர்ம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். ஆப்பிளின் ஆர்மில் சார் குறியுள்ளதுதான்.

பெர்க்லி டிபி என்ற தரவுத்தள லைப்ரரி ஒரு படி மேலே போனது. ஏதோ ஓர் அர்த்தமற்ற சொல்லின் ஹாஷைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்து, திறக்கும்போது மறுபடி கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் திறக்கவே மறுக்கும். உங்கள் கோப்பின் தலைப்பகுதியிலும் எட்டு பைட் ஒதுக்கி, 'கல்' என்ற சொல்லின் ஹாஷை அங்கே எழுதிவையுங்கள். இரண்டு முழு நான்கும் ஒரு மிச்சமும் அந்த ஒன்பது பைட்டில் இருக்கின்றன.