தனி ஆளாகப் பை தூக்கியவர்களுக்கு: பழக்கம், டேட்டிங், பில்

பல வருடங்கள் தனியாகச் சுற்றியவன். இடையில் ஹாஸ்டல் வரவேற்பு மேசையிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஊர் ஊராகப் போகும் ஆண்கள் மனிதர்களோடு எப்படிப் பழகுவது, டேட்டிங், அதில் வரும் வம்பு, இவை பற்றிக் கேளுங்கள். எந்தப் பை வாங்கலாம், எந்த விமானம் மலிவு என்பதெல்லாம் எனக்கு ஆர்வமில்லாத விஷயம்.

கேள்வி: அண்ணா, முதல்முறையாகத் தனியே கிளம்புகிறேன். கூச்ச சுபாவம். ஹாஸ்டலில் தெரியாதவர்களிடம் போய்ப் பேச வராது. மூன்று வாரத்தில் எட்டு ஊர் திட்டம். நண்பர்கள் கிடைப்பார்களா?

கூச்சத்தை விடுங்கள் தம்பி, சிக்கல் அந்த எட்டு ஊரில் இருக்கிறது. ஓர் ஊரில் இரண்டு இரவு தங்குபவர் முதல் நாள் களைப்பாக இருப்பார், இரண்டாம் நாள் பை கட்டுவார். பழக்கம் என்பது ஒரே முகத்தை மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் தொடங்குகிறது. ஊர்களைப் பாதியாகக் குறையுங்கள்.

ஹாஸ்டலைத் தேர்ந்தெடுக்கும்போது படுக்கையை விட சமையலறையைப் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். நாலு பேர் சமைத்துக்கொண்டிருப்பார்கள். இருக்கும் கத்திகளில் ஒன்றுதான் வெட்டும். அது யாரோ ஒருவர் கையில் இருக்கும். "முடித்ததும் அதை இப்படிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால் போதும். அடுத்து உப்பு எங்கே என்று அவர் கேட்பார். கூச்சக்காரருக்கு இதைவிடச் சுலபமான வாசல் கிடையாது. கையில் வேலை இருப்பதால் கண்ணைப் பார்த்தே பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொரு வழி, எல்லோரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் பயணங்கள். வடக்கு லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மேகாங் ஆற்றில் ஒரு மெதுவான படகு போகிறது. இரண்டு பகல். இடையில் பாக் பெங் என்ற சிற்றூரில் இரவு தங்கல். இரண்டாம் நாள் படகில் ஏறும்போது எல்லோரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைப் பாதையும் இப்படித்தான். பிரான்ஸ் எல்லையிலிருந்து நடந்தால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். பகலில் பிரிந்து நடந்தவர்கள் மாலையில் அதே தங்குமிடத்தில் கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி கேட்டு நிற்பார்கள். அங்கே பேச்சை நீங்கள் தேடிப்போக வேண்டாம்.

கேள்வி: எந்த நாட்டில் பெண்கள் சுலபமாகக் கிடைப்பார்கள்?

இப்படிக் கேட்பவருக்கு எல்லா நாட்டிலும் சுலபமாகக் கிடைப்பது பர்ஸைக் காலி செய்யும் ஆள்தான்.

கேள்வி: போவதற்கு முன்பே டின்டரில் அந்த ஊரைப் போட்டுப் பேச ஆரம்பிக்கலாமா?

பணம் கட்டினால் இடத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. நாலைந்து நாள் முன்பு போதும். ஒரு மாதம் முன்பே தொடங்கினால் நீங்கள் இறங்கும்போது பேச்சு ஆறிப் போயிருக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அந்த ஊரில் இருப்பீர்கள் என்று சுயவிவரத்திலேயே எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: முதல் சந்திப்புக்கு இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். இஸ்தான்புல் தக்சிம் பக்கம் நட்பாக ஒருவர் பேச்சுக் கொடுத்து பாருக்கு அழைப்பார். உள்ளே இரண்டு பெண்கள் வந்து உட்கார்வார்கள். பில் வரும்போது கதவருகே தடியாக ஒருவர் நிற்பார். புடாபெஸ்டின் வாட்சி தெருவில் வழி கேட்கும் இரண்டு பெண்கள். ஷாங்காயின் நான்ஜிங் சாலையில் ஆங்கிலம் பழக விரும்பும் மாணவிகள், அப்புறம் ஒரு தேநீர்ச் சடங்கு. ஊர் வேறு, வித்தை ஒன்று. எல்லாவற்றிலும் இடத்தைச் சொல்வது அவர்கள். "எனக்கு அந்த மூலைக் கடை பிடிக்கும், அங்கே உட்காரலாமே" என்று சொல்லிப் பாருங்கள். நிஜமாகப் பழக வந்தவருக்கு அதில் ஒன்றும் இடிக்காது. மற்றவருக்கு அந்த நிமிடமே அவசர வேலை வந்துவிடும்.

கேள்வி: கொலம்பியா போகிறேன். மெடெயின் பற்றிப் பயமுறுத்துகிறார்களே, உண்மையா?

உண்மை. 2023 நவம்பர், டிசம்பரில் அந்த ஊரில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகமான முறையில் இறந்தார்கள். அவற்றில் பலவற்றில் டேட்டிங் ஆப் சம்பந்தப்பட்டிருந்ததாக 2024 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டது. அங்கே பானத்தில் ஸ்கோபொலமின் என்ற மயக்க மருந்தைக் கலப்பது பழைய தந்திரம். ஆள் மயங்குவார், நடந்தது எதுவும் நினைவில் இருக்காது, விழிக்கும்போது போனும் வங்கிப் பணமும் போயிருக்கும். ஆகவே போகலாம், ஆனால் ஆப்பில் பார்த்தவரை அறைக்கு நேராக வரச் சொல்லாதீர்கள். கிளாஸை மேசையில் விட்டுக் கழிவறைக்குப் போகாதீர்கள். போனீர்களானால் திரும்பி வந்து புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் பழகிய பெண்ணோடு மூன்று நாளாகச் சுற்றுகிறேன். அவர் அந்த ஊர்க்காரர், அங்கே பகுதிநேர வேலை. நான் வியாழக்கிழமை கிளம்புகிறேன், இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடுமோ?

இன்றே சொல்லுங்கள். கெட்டால் கெடட்டும். நாள் தெரிந்து பழகுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. நீங்கள் மறைத்தால் அவருக்காக நீங்களே முடிவெடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மேலே சொன்ன பதிலுக்கு ஒருவர்: இது ரொம்ப ஓவர் சார். பையோடு வந்தவன் போகத்தான் போவான் என்று யாருக்குத் தெரியாது? அதைச் சொல்லி நல்ல மாலையைக் கெடுப்பானேன்?

போவான் என்று தெரியும். என்றைக்கு என்று தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று மழுப்புபவர்கள் பலரை வரவேற்பு மேசையில் பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருக்கும். மறுநாள் காலை அந்தப் பெண் வந்து "அவர் எங்கே?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அவரே மறுபடி: அப்படியானால் கைகுலுக்கும்போதே டிக்கெட்டை நீட்டணுமா?

வேண்டாம். உங்களை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. பயணத்தில் எல்லோரும் முதல் பத்து நிமிடத்தில் கேட்கும் கேள்வி, "இங்கே எத்தனை நாள்?" அதற்கு "வியாழன் காலை வரை, அப்புறம் தெற்கே" என்று நேராகச் சொன்னால் விஷயம் முடிந்தது. பொய் தொடங்குவதே அந்த ஒரு கேள்வியில்தான்.

ஒரு பெண்: நானும் தனியாகத்தான் சுற்றுகிறேன். ஆண் கிளம்புவான், பெண் கலங்குவாள் என்ற கணக்கிலேயே இருவரும் பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் கிளம்புவது நான். "இன்னும் ஒரு வாரம் இரு" என்று கெஞ்சுவது அவர்கள். ஒருவர் என் அடுத்த ஊருக்கே சொல்லாமல் வந்து நின்றார்.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், இதைத்தான் ஆண்கள் அதிகம் கவனிக்க வேண்டும். உங்களுக்கு நடந்தது காதல் அல்ல, துரத்தல். தம்பிமார்களே, ஒருவர் தன் பயணத் திட்டத்தைச் சொன்னால் அது அழைப்பு ஆகாது. தனியாகப் போகும் பெண் எந்த ஊர், எந்த ஹாஸ்டல் என்று சொல்லாமல் தவிர்த்தால் அதற்குக் காரணம் உண்டு, குடைந்து கேட்காதீர்கள். கூடச் சேர்ந்து போக ஆசையா? வாயைத் திறந்து கேளுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதற்கு வேண்டாம் என்றே பொருள் கொள்ளுங்கள்.

மாலையைக் கெடுக்காதே என்றவர்: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாளே தேதியைச் சொன்னேன், அவர் எழுந்து போய்விட்டார். இது நல்லதா?

நல்லதுதான். அவருக்கு நாலு நாள் பழக்கம் தேவையில்லை, அதை அன்றே தெரிந்துகொண்டார். உங்களுக்கும் மூன்று மாலை மிச்சம். இதை இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பார், ஆப் இரண்டும் பிடிக்காது. வேறு வழி?

வகுப்பில் சேருங்கள். புவனோஸ் ஐரிஸில் டாங்கோ கற்றுக்கொண்டு ஒரு மிலோங்காவுக்குப் போய்ப் பாருங்கள். மிலோங்கா என்பது டாங்கோ ஆடக் கூடும் இரவு. பழைய முறை மிலோங்காவில் யாரும் மேசைக்கு வந்து கையை நீட்டுவதில்லை. ஆட விரும்பும் நபரை அறையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். அவரும் பார்த்தால் லேசாகத் தலையசைப்பு, அதன் பெயர் கபெசெயோ. அவர் தலையசைத்தால் எழலாம். பார்வையைத் திருப்பிக்கொண்டால் ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் அவமானமில்லை, பக்கத்து மேசைக்குக்கூடத் தெரியாது. மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தாண்டா. அது முடியும் வரை அதே ஜோடி. இடையில் ஒருவர் "கிராசியாஸ்" என்று சொன்னால் போதும் என்று அர்த்தம். மரியாதைக்கு நன்றி சொல்கிறோம் என்று நினைத்து முதல் பாட்டிலேயே அதைச் சொல்லிவிட்டு, ஜோடி ஏன் போய்விட்டார் என்று விழிக்கும் வெளியூர்க்காரர்கள் எப்போதும் உண்டு.

பார்வையால் கேட்டு, பார்வையால் மறுக்க இடம் கொடுப்பது, இந்தப் பாடத்தை ஆண்கள் எல்லா ஊருக்கும் எடுத்துப் போகலாம்.

ஆட்டம் வேண்டாமென்றால் மொழிப் பள்ளி. குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்ற முறையில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறார்கள். ஒரு குடும்பத்தோடு தங்கவும் ஏற்பாடு செய்வார்கள். இரண்டு வாரம் இருந்தால் தெருவில் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது, இன்னும் தங்கலாமா?

ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், குறுகிய காலத் தங்கல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். காதல் என்று சொன்னால் எல்லை அதிகாரி கூட்டித் தரமாட்டார். உங்கள் விசாவில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே கணக்கு. மீதி விவரத்தை விசா தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சுலபமாகப் பெண்கள் கிடைக்கும் மலிவான நாடு எது?

"மலிவான" என்ற சொல் புதிது, பதில் பழையது.

கேள்வி: எட்டுப் பேர் தூங்கும் டார்மில், சத்தமில்லாமல்...

கூடாது. தனி அறை எடுங்கள். மற்ற ஆறு பேரும் விழித்துத்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: சட்டச் சிக்கல் வருமா?

சில இடங்களில் வரும். லாவோஸில் வெளிநாட்டவரும் லாவோ குடிமகளும் திருமணம் இல்லாமல் உடலுறவு கொள்வது சட்டவிரோதம். இந்தோனேசியாவில் 2022 டிசம்பரில் நிறைவேற்றி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் திருமணத்துக்கு வெளியேயான உறவு குற்றம். ஆனால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவர் புகார் கொடுத்தால்தான் வழக்கு. யாரோ வழிப்போக்கர் கொடுக்க முடியாது. இன்னொன்று: 18 வயது ஆகவில்லை என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் எழுந்து போய்விடுங்கள், உள்ளூர்ச் சட்டம் என்ன சொன்னாலும் சரி. இதில் வாதத்துக்கு வராதீர்கள், பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: ஆப்பில் பழகியவர் கிரிப்டோ முதலீடு சொல்லித் தருகிறார், நல்ல பெண்ணாகத் தெரிகிறார்.

பிளாக்.

கேள்வி: பார்ட்டியில் இலவசமாகக் கொடுக்கும் ஷாட் குடிக்கலாமா? எல்லோரும் குடிக்கிறார்களே.

கிளாஸ் பற்றி மறுபடியும் புலம்பத்தான் போகிறேன். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். மெத்தனாலை ருசியில் கண்டுபிடிக்க முடியாது. அன்றிரவு சாதாரணப் போதை மாதிரிதான் இருக்கும். மறுநாள் பார்வை மங்கினாலோ, கண்ணில் பனி படர்ந்த மாதிரி தெரிந்தாலோ, அது ஹேங்கோவர் என்று படுத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். குடிக்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் கண்முன் திறந்த பீர்.

கேள்வி: ஆணுறை அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா? கிழிந்துவிட்டால்?

கையோடு கொண்டு போங்கள், ஆனால் பர்ஸில் வைக்காதீர்கள். உடம்புச் சூட்டிலும் அழுத்தத்திலும் லேடெக்ஸ் கெட்டுவிடும். தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் அதை அரித்துவிடும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கு ஜெல்லைப் பயன்படுத்துங்கள். கிழிந்தால், எச்.ஐ.வி. அச்சம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஆகவே காலை வரை காத்திராமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கூட இருந்த பெண்ணுக்கும் சொல்லுங்கள், கருத்தடை அவசர மாத்திரைக்கும் நேரக் கணக்கு உண்டு. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பல ஆண்களுக்கு அறிகுறியே காட்டாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடாமல் இரண்டு வாரம் கழித்துச் சோதனை செய்யுங்கள். கிளம்பும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் அதை முடிக்க மாதக்கணக்கில் ஆகும், கடைசி வாரம் போய் நிற்காதீர்கள்.