தட்டடவுக் காலுக்கு டேப் டான்ஸ் வருமா?

எட்டு வருஷம் பரதம் கற்றவள். இப்போது வீடியோ பார்த்து, உலோக லாடம் வைத்த ஷூவால் தரையில் தாளம் தட்டும் டேப் டான்ஸ் பழகுகிறேன். மொட்டை மாடியில் ஆடினால் 'ஷஃபிள்' இரண்டு தட்டாகக் கேட்காமல் ஒரே உரசலாகக் கேட்கிறது. முன்கால் எலும்பில் வலி வேறு. என்ன செய்வது?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பரதத்தில் நீங்கள் முதலில் பழகிய தட்டடவுதான் குறுக்கே நிற்கிறது. அதில் பாதம் முழுதும் ஒரே ஓசையாக விழ வேண்டும். ஷஃபிளில் உடம்பின் கனம் மொத்தமும் மற்றக் காலில். ஆடும் காலின் கணு, ஈரத்துணியை உதறுவதுபோல் தொளதொளவென்று இருக்கட்டும். முன்பாத மேடு முன்னே போகையில் ஒரு தட்டு, திரும்புகையில் ஒரு தட்டு. தொடையிலிருந்து உதைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு மேல் பாதம் போகாமல் பழகுங்கள்.

வலிக்குக் காரணம் கான்கிரீட். 18 மி.மீ. பிளைவுட், நாலடிக்கு நாலடி, அடியில் ரப்பர் பாய் போதும். ஷூ லாடத்தின் திருகு தளர்ந்தாலும் ஓசை சலசலக்கும், அதையும் பாருங்கள்.

தாள நடை இன்னொரு சிக்கல். 'தகதிமி' என்று சமமாக நிரவினால் ஸ்விங் என்னும் ஜாஸ் இசையின் ஊசல் நடை வராது. தட்டைத் திஸ்ரமாக மூன்றாக்கி, முதல் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்: தா-க, தா-க.

டேப் அயர்லாந்துக்காரர்கள் ஆட்டம் என்கிறார் நண்பர். ஆப்பிரிக்கர் பங்கு எங்கே?
– வாசகர், ஏற்காடு

பாதி சரி. ஐரிஷ் ஜிக்கும் இங்கிலாந்தின் மரக்காலணி ஆட்டமும் அதில் உண்டு. ஆனால் தாளம் யாருடையது? 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆப்பிரிக்க அடிமைகள் பறையறைந்து கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருஷமே அவர்கள் முரசு வைத்திருக்கச் சட்டம் தடை போட்டது. தோல்கருவி போனால் என்ன, தொடை, மார்பு, உள்ளங்கை, குதிகால் இருந்தனவே! இப்படி உடம்பில் அடிக்கும் தாளத்துக்கு 'ஜூபா' என்று பெயர். 1840களில் நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் பேட்டையில் கறுப்பரும் ஐரிஷ்காரரும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். அங்கே பேர்வாங்கிய வில்லியம் ஹென்றி லேனை 'மாஸ்டர் ஜூபா' என்றே அழைத்தார்கள்.

பின்னாளில் வந்த கறுப்பின டேப் கலைஞர்களில் பில் ராபின்சன் பெரும்பாலும் முன்பாதத்தில் ஆடினார். ஜான் பபிள்ஸ் குதிகாலை இறக்கி, மிருதங்கத்துக்குத் தொப்பி என்னும் இடப்பக்கம்போல அடிநாதம் சேர்த்தார். அம்மாபேட்டை வாசகி கவனிக்க: முன்பாதம் தரையிலிருக்க, குதிகால் மட்டும் விழும் அந்தத் தட்டு, முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தட்டும் குதித்துமெட்டடவு பழகிய காலுக்குச் சட்டென்று பிடிபடும்.